மிரிஸ்ஸ, திருகோணமலை, கற்பிட்டி: திமிங்கிலம் பார்க்க எந்தக் கரை?

இலங்கையில் திமிங்கிலம் பார்க்கப் போகிறோம் என்றால் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமலே மிரிஸ்ஸ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விளம்பரம், ஹோட்டல், படகு எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன. ஆனால் பெரிய திமிங்கிலங்கள் உலவும் ஆழத்துக்குக் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடக்கூடிய கரைகள் இங்கே மூன்று இருக்கின்றன: தெற்கே மிரிஸ்ஸ, கிழக்கே திருகோணமலை, வடமேற்கே கற்பிட்டி. மூன்றிலும் கடலுக்குப் போயிருக்கிறேன். என்னைக் கேட்டால் திருகோணமலை என்பேன். ஆனால் அது எல்லோருக்கும் ஒத்துவராது.

முதலில் மாதத்தைப் பாருங்கள், பாதித் தேர்வு அதிலேயே முடிந்துவிடும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் தெற்கும் மேற்கும் கொந்தளிக்கும். செப்டம்பர், அக்டோபர் வரை மிரிஸ்ஸவிலோ கற்பிட்டியிலோ சிறுபடகில் ஆழ்கடலுக்குப் போவது சுகமான காரியம் இல்லை. அதே மாதங்களில் திருகோணமலைக் கடல் காலை வேளையில் குளம் போலக் கிடக்கும். அங்கே அப்போது வீசுவது தரையிலிருந்து கடலை நோக்கி வரும் கச்சான் காற்று. வாடைக்காற்று ஆரம்பித்தால் நிலைமை தலைகீழ்: கிழக்கில் மழையும் பெரிய அலையும், தெற்கிலும் மேற்கிலும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அமைதி. ஆகவே கோடை விடுமுறைக்கு ஜூலை, ஆகஸ்டில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இருப்பது ஒரே கரை. அந்த மாதங்களில் தெற்கிலும் படகு விடுகிறோம் என்று யாராவது சொன்னால், முன்பணம் கொடுக்காதீர்கள்.

மிரிஸ்ஸவின் பலம் நிச்சயம். டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் போனால் நீலத் திமிங்கிலத்தைக் காணாமல் திரும்புகிறவர்கள் குறைவு. அதற்குக் காரணம் கடலடியின் அமைப்பு. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்கு அருகே கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, மிகக் குறுகலானது. கரையிலிருந்து சில மைல் போனதுமே தரை சரிந்து பெரிய ஆழம் தொடங்கிவிடுகிறது. அந்தச் சரிவில் இரை திரளும். உலகின் மற்றக் கடல்களில் பெரும்பாலான நீலத் திமிங்கிலங்கள் உணவு தேடித் துருவப் பக்கக் குளிர்கடலுக்குப் போகின்றன. வட இந்தியப் பெருங்கடலில் வாழும் இந்தக் கூட்டம் அப்படிப் போவதில்லை. வெப்பக் கடலிலேயே இருந்து, இங்கே கிடைக்கும் சிறு இறால் வகைகளைத் தின்றே உடம்பை வளர்க்கிறது. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் இலங்கையின் கடலியல் ஆய்வாளர் ஆஷா டி வோஸ்.

படகுகளும் அங்கே வசதியானவை. இரண்டு தட்டுப் படகு, நிழல், கழிப்பறை, காலை உணவு. ஆறு, ஆறரைக்குத் துறைமுகத்திலிருந்து கிளம்பிப் பதினொரு மணியளவில் திரும்பிவிடலாம். கொழும்பிலிருந்து அதிவேக நெடுஞ்சாலை இருப்பதால் பயணமும் சுலபம். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆனால் ஒரு திமிங்கிலம் மூச்சு விட்டதும் அங்கே நடப்பதைப் பார்த்தால் மனம் கசந்துபோகும். தூரத்தில் வெள்ளையாக நீர்த்தூண் எழும். உடனே சுற்றியிருக்கிற படகுகள் எல்லாம் அந்தத் திசையில் விரையும். நீலத் திமிங்கிலம் மேலே வந்தால் சில தடவை மூச்சு விட்டு, முதுகை வளைத்து, வாலைத் தூக்கி உள்ளே போய்விடும். பிறகு பத்து நிமிடமளவு ஆளைக் காண முடியாது. இருபது மீட்டரைத் தாண்டுகிற அந்த உடம்புக்கு அந்தக் கொஞ்ச நேர மூச்சுதான் எல்லாம். அதையும் நிம்மதியாக விட முடியாமல் அது அவசரமாக மூழ்குவதைக் கண்ணால் காணலாம். 2012இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி படகு 100 மீட்டராவது விலகி நிற்க வேண்டும். பலர் மதிக்கிறார்கள், சிலர் மதிப்பதில்லை. பயணிகளே “இன்னும் கிட்டப் போ” என்று நச்சரிப்பதும் உண்டு.

இதே கடலில்தான் உலகின் மிகப் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று ஓடுகிறது. படகின் மேல்தட்டில் நின்றால், திமிங்கிலம் மூழ்கிய இடத்துக்கு அப்பால் கொள்கலன் கப்பல்கள் வரிசையாகப் போவது தெரியும். அவற்றில் மோதித் திமிங்கிலங்கள் இறக்கின்றன. 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கொஞ்சம் எரிபொருளும் கொஞ்ச நேரமும்தான் அதற்கு விலை.

திருகோணமலைக்கு வருவோம். அந்தத் துறைமுகம் இயற்கையாகவே ஆழமானது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த ஆழம் துறைமுகத்தோடு நிற்பதில்லை. கடலுக்கடியில் மாபெரும் பள்ளத்தாக்காக வெளியே நீண்டு போகிறது. அதனால் ஆழ்கடல் உயிர்கள் கரைக்கு வெகு அருகில் வருகின்றன. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையிலிருந்தே, காற்றில்லாத காலையில் தொலைநோக்கியோடு பொறுமையாக இருந்தால், தூரத்தில் நீர்த்தூண் எழுவதைக் காண வாய்ப்பு உண்டு. படகு ஏறப் பயப்படுகிறவர்கள் இதையாவது செய்து பாருங்கள், செலவே இல்லை.

இந்தக் கடலின் பெருமை புதிதும் அல்ல. 1979இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1980களின் தொடக்கத்தில் ‘டுலிப்’ என்ற பாய்மர ஆய்வுக் கப்பல் இலங்கைக்கு வந்தது. நீலத் திமிங்கிலங்களையும் எண்ணெய்த் திமிங்கிலங்களையும் (sperm whale) திருகோணமலைக்கு வெளியே அது ஆராய்ந்தது. பிறகு போர் இந்தக் கடலை மூடிவிட்டது. மீனவர்களே சுதந்திரமாகத் தொழிலுக்குப் போக முடியாத காலத்தில் திமிங்கிலம் பார்க்க யார் போவது? கிழக்கு மெல்லத் திறந்தபோது மிரிஸ்ஸ பெயர் எடுத்துவிட்டது. திருகோணமலை இன்னும் பின்னால் நிற்பதற்கு இதுதான் காரணம், கடல் அல்ல.

இங்கே நிலாவெளியிலிருந்தும் உப்புவெளியிலிருந்தும் கிளம்புபவை பெரும்பாலும் மீனவர்களின் கண்ணாடியிழைப் படகுகள். நாலைந்து பேர் ஏறலாம். நிழல் இல்லை, கழிப்பறை இல்லை, அலை அடித்தால் முழுக்க நனைவீர்கள். திமிங்கிலம் தென்படாமல் திரும்பும் நாட்களும் மிரிஸ்ஸவைவிட அதிகம். சரி, இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஏன் இதைச் சொல்கிறேன்?

படகோட்டியோடு தமிழில் பேசலாம், அது முதல் காரணம். “அண்ணை, தூரத்திலேயே எஞ்சினை நிப்பாட்டுங்கோ, கிட்டப் போக வேண்டாம்” என்று நீங்கள் சொன்னால் அவர் செய்வார். படகு கூட்டமில்லாத கடலில் அவருக்கும் போட்டி இல்லை. எஞ்சின் நின்றதும் கடல் அப்படியே அமைதியாகிவிடும். அந்த அமைதியில் திமிங்கிலம் மூச்சு விடும் சத்தம் கேட்கும்: கனமான, நீண்ட பெருமூச்சு. நீங்கள் இருப்பதோ தண்ணீர் மட்டத்தில். இரண்டு தட்டுப் படகின் மேலிருந்து குனிந்து பார்ப்பதில் அந்தப் பருமன் புரியாது. இங்கே புரியும், உடம்பே சிலிர்க்கும்.

எண்ணெய்த் திமிங்கிலக் கூட்டத்தைக் காண்பதென்றால் இன்னும் விசேஷம். அதன் நீர்த்தூண் நேராக எழாது, முன்பக்கம் இடதுபுறமாகச் சாய்ந்து வரும்; அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். தாய்களும் குட்டிகளும் ஒன்றாகத் திரியும். முக்கால் மணி நேரம்கூட உள்ளே இருந்துவிட்டு மேலே வந்து, மரக்கட்டை மாதிரி அசையாமல் கிடந்து இளைப்பாறும். அந்த நேரத்தில் அதைத் தொந்தரவு செய்யாமல் பார்த்திருக்கக்கூடிய படகு வேண்டும். சிலர் கடலில் குதித்துத் திமிங்கிலத்தோடு நீந்தலாம் என்று ஆசை காட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். குட்டியோடு இருக்கும் தாய்க்கு அது வதை.

கற்பிட்டி வேறு மாதிரி. அங்கே போக வேண்டியது டொல்பின்களுக்காக, அதிலும் சுழன்று துள்ளுகிற நீள்மூக்கு டொல்பின்களுக்காக. நூற்றுக்கணக்கில், சில நாட்களில் அதற்கும் மேலே, கூட்டமாக வரும். ஒன்று தண்ணீரிலிருந்து எழும்பிப் பம்பரமாகச் சுற்றி விழும்போது படகிலிருக்கும் பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்க வேண்டும். ஆலங்குடா, கந்தக்குழிப் பக்கத்துக் கரைகளிலிருந்து காலையிலேயே கிளம்ப வேண்டும். பிற்பகலில் காற்று எழுந்துவிடும், காற்றாடியைப் பிடித்து அலைமேல் சறுக்குகிறவர்கள் அங்கே கூடுவதே அந்தக் காற்றுக்காகத்தான். கடலுக்குள் இருக்கும் பவளப்பாறைத் தொடருக்கு வெளியே ஆழம் விழும் இடத்தில், பருவத்தின் பிற்பகுதியில், எண்ணெய்த் திமிங்கிலங்களும் வரும். ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த டொல்பின்கள் இரவில் ஆழத்தில் இரை தேடும், பகலில் இளைப்பாறும். கூட்டத்தின் நடுவே படகை விட்டுத் துரத்தினால் அவற்றின் ஓய்வு கெடும். “நானா, மெல்லமாப் போங்க, அதுவே பக்கத்துல வரும்” என்று படகோட்டியிடம் சொல்லுங்கள் (நானா என்றால் அங்கே அண்ணன்). ஒரே சீரான வேகத்தில் போனால் அவை தாமாகவே படகின் முன்னால் வந்து விளையாடும். துரத்தினால் கலைந்து ஓடும்.

எந்தக் கரையானாலும் காசு கொடுக்கும் முன் இரண்டு கேள்வி: திமிங்கிலத்தைக் கண்டால் எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்? ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? முதல் கேள்விக்கு “தொடுற தூரத்துக்குக் கொண்டுபோவேன்” என்று பெருமையாகப் பதில் வந்தால் அடுத்த படகுக்குப் போய்விடுங்கள். கடல் வாந்தி மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. ஒரு மணி நேரம் முன்னதாகவே போட வேண்டும்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் ஒரு சில வாரங்கள் மூன்று கரையும் திறந்திருக்கும். அப்போது விடுப்பு கிடைத்தால், அம்மா அப்பாவோடு மிரிஸ்ஸவுக்கு, அதுவும் கூட்டம் குறைந்த வார நாளில் போங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கற்பிட்டி. நீங்கள் மட்டும் என்றால், அல்லது வெயிலையும் ஏமாற்றத்தையும் தாங்கக்கூடிய இரண்டு நண்பர்களோடு என்றால், கொழும்பு கோட்டையிலிருந்து இரவு ரயிலேறித் திருகோணமலைக்குப் போங்கள். இரண்டு காலையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாள் கடல் கை விரித்தாலும் மறுநாள் போகலாம்.