அப்பத்தாள் பாட்டு: குறிப்பேடா, கைபேசியா?

என் கவிதைக்கு முதல் போட்டவர் அப்பத்தாள்தான். வீட்டுத் தாலாட்டுப் பாட்டை எழுதிவைப்பதா, பதிவுசெய்வதா என்று காரைக்குடிப் பக்கத்துத் தம்பிகள் கேட்கிறார்கள். இரண்டையும் செய்துபார்த்தேன்.

செலவு: குறிப்பேடு ஐம்பது ரூபாய். கைபேசி சட்டைப்பையிலேயே இருக்கிறது.

ஆயுள்: தாளைக் கரையான் தின்னும். கைபேசி தண்ணீரில் விழும். என்னுடையது ஊருணியில் விழுந்து இரண்டு மாதப் பாட்டும் போயிற்று.

எளிமை: எழுதினால் வரிக்கு வரி நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தினால் அடுத்த அடி அப்பத்தாளுக்கு வராது. ஏணையை ஆட்டும் கையில்தான் பாட்டு இருக்கிறது. பதிவில் அந்தத் தொல்லை இல்லை. 'ஆராரோ' இழுவையும் அதில்தான் அடங்கும்.

பொருள்: இங்கே குறிப்பேட்டுக்கு இணையில்லை. 'கொண்டுவிற்கப் போன' (வெளியூருக்கு வணிகம் செய்யப் போன) என்ற அடியை எழுதும்போதுதான் நிறுத்திக் கேட்டேன். பர்மாவில் லேவாதேவி செய்த அவருடைய அப்பச்சி (அப்பா), 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது வெறுங்கையோடு திரும்பிய கதை வீட்டின் உள்முற்றமான வளவில் விளக்கேற்றும்வரை நீண்டது. பதிவில் அந்த அடியைப் பத்து முறை கேட்டும் கடந்துபோயிருந்தேன்.

ராகம் வேண்டுபவர்களுக்குக் கைபேசி. அன்றைக்கே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். கவிதை எழுதுபவர்களுக்குக் குறிப்பேடு. அப்பத்தாளுக்கும் அதுதான் பிடிக்கும், பேரன் கூடுதல் நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பானே!