டபுள் கேப் பிக்கப்பில் சைலென்சர் பைப்பை மேலே ஏற்றியது: 40,000 கி.மீ. ஓடிய பின் நிலவரம்

லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் சஸ்பென்ஷன் பாகங்கள்) போட்டு, டயரையும் ஒரு சைஸ் பெரிதாக்கிய பிறகும் பாறை ஏறும்போது அடியில் ‘டொங்’ என்று கேட்டால், பெரும்பாலும் இடிபடுவது சைலென்சர் பைப்தான். லிஃப்ட் போட்டால் சேஸ் உயரும், சேஸில் தொங்குகிற பைப்பும் கூடவே உயரும். ஆனால் சேஸின் இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்குக் கீழே அது எவ்வளவு தொங்கியதோ அந்த அளவு அப்படியே இருக்கும். கிராஸ் மெம்பர் பாறையில் உரசினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். பைப்பும், பைப்புகளை போல்ட் போட்டு இணைக்கும் தட்டான ஃபிளாஞ்சும் மாட்டிக்கொள்ளும்.

வண்டி 2.5 லிட்டர் பி.எஸ்.4 டீசல், 4x4, லேடர் சேஸ், பின்னால் லீஃப் பட்டை. வேலை தொடங்குமுன் செய்த ஒரே அளவெடுப்பு இதுதான்: கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பரின் அடியிலிருந்து அடுத்த கிராஸ் மெம்பரின் அடிக்கு இறுக்கமாக நூல் கட்டி, நூலுக்குக் கீழே எது எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேலால் பார்ப்பது. இரண்டே இடம் சிக்கியது. கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பருக்கு அடியில் குறுக்கே போகும் பைப் ஒன்று. கேபினின் பின்பாதிக்குக் கீழே இருந்த சைலென்சர் பெட்டியின் வயிறும் அதன் முன் ஃபிளாஞ்சும் இன்னொன்று. பெட்டி 35 மி.மீ இறங்கியிருந்தது. ஃபிளாஞ்சின் ஒரு போல்ட் கடிகாரத்தின் ஆறு மணி நிலையில் நேராகக் கீழே பார்த்ததால் இன்னும் 15 மி.மீ. மீதி நீளம் முழுவதும் நூலுக்கு மேலேதான் இருந்தது. அதைத் தொட வேண்டியதே இல்லை. முழு பைப்பையும் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையில் முதலில் இந்த நூலைக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

35 மி.மீ ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும். 3,100 மி.மீ வீல்பேஸ் உள்ள வண்டியில் நடுப்பகுதி 35 மி.மீ ஏறினால், மேடு தாண்டும் கோணத்தில் ஏறக்குறைய இரண்டரை டிகிரி கிடைக்கும். நீள வண்டிக்கு அதுதான் பலவீனமான இடம்.

கிராஸ் மெம்பருக்கு அடியில் போகும் பைப்பை மேலே தூக்க வழியில்லை, மேலே கியர்பாக்ஸ். கிராஸ் மெம்பரில் பள்ளம் வெட்டி அதற்குள் பைப்பை விடுவது சில இடங்களில் செய்கிறார்கள். கியர்பாக்ஸைத் தாங்கும் உறுப்பை அறுப்பது அது, வேண்டாம். இங்கே செய்தது, வட்டப் பைப்புக்குப் பதில் 400 மி.மீ நீளத்துக்கு ஓவல் பைப். பட்டையாக்கினால் புகை அடைபடாதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். கணக்கு எளிது. 3 இன்ச் பைப்பை 50 மி.மீ உயரத்துக்கு அழுத்தினால் அகலம் 91 மி.மீ ஆகும், குறுக்குப் பரப்பு சுமார் 4,000 சதுர மி.மீ. ஏற்கெனவே இருந்த இரண்டரை இன்ச் வட்டப் பைப்பின் பரப்பு சுமார் 3,170 தான். அதாவது உயரம் 13 மி.மீ குறைந்தும் வழி பெரிதாகத்தான் ஆகிறது. இரண்டரை இன்ச் பைப்பையே நசுக்கி ஓவல் ஆக்கினால்தான் வம்பு. அழுத்தும்போது நடுவில் பள்ளம் விழாமல் இருக்க, உலர்ந்த மணலை அடைத்து இரு முனையையும் மூடிவிட்டு பிரஸ்ஸில் கொடுக்க வேண்டும். வட்டமும் ஓவலும் சேரும் இடத்தில் 75 மி.மீ நீளமாவது கூம்பாக இறங்கட்டும்.

சைலென்சர் பெட்டிக்கு வேறு வழி. கேபின் தரைக்கு அடியில் இடம் குறைவு, லோடு பாடிக்கு அடியில் அதிகம், ஏனென்றால் பாடி சேஸ் மேல் முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறது. அதே ஒரிஜினல் பெட்டியைப் பின்னால் நகர்த்தி, பாடியின் முன்பகுதிக்கு அடியில் 40 மி.மீ உயர்த்தி மாட்டியாயிற்று. வேறு பெட்டி வாங்காததற்குக் காரணம் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் 1,800 ஆர்.பி.எம்மில் நொடிக்கு 60 முறை வெடிக்கிறது. நெடுஞ்சாலையில் காதைக் குடையும் ‘ம்ம்ம்’ அந்த 60 ஹெர்ட்ஸ்தான். சின்னப் பெட்டி போட்டுவிட்டு, பக்கத்தில் மூடிய கிளைப் பைப் வைத்து அதை அடக்கலாம் என்பார்கள். 300 டிகிரிப் புகையில் ஒலி நொடிக்கு சுமார் 480 மீட்டர் போகிறது. அப்படியானால் 60 ஹெர்ட்ஸுக்கு 2 மீட்டர் நீளக் கிளை வேண்டும். எங்கே மாட்டுவது? பெட்டியின் கொள்ளளவைக் குறைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். இப்போது சத்தம் முன்பு போலத்தான். பின் ஸீட்டில் காலுக்கடியில் வந்த சூடு மட்டும் கண்கூடாகக் குறைந்திருக்கிறது.

உலோகம் பற்றி ஒரு வார்த்தை. பைப் பெண்டிங் கடைகளில் சில சமயம் கையில் இருக்கும் ஜி.ஐ. பைப்பை எடுத்து வளைத்துவிடுவார்கள். துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் வெள்ளைப் புகையாக வரும், அதை மூச்சில் இழுத்தவருக்கு ராத்திரி காய்ச்சல் அடிக்கும். 420 டிகிரியில் உருகும் பூச்சு சைலென்சரில் நிற்கவும் நிற்காது. இங்கே போட்டது 1.5 மி.மீ கனமுள்ள 409 ஸ்டெயின்லெஸ். 304 ரக ஸ்டெயின்லெஸ் பளபளப்பாக இருக்கும், துரு இன்னும் குறைவு. ஆனால் சூட்டில் கூடுதலாக நீளும், 409 அவ்வளவு நீளாது.

அந்த நீட்சிதான் இந்த வேலையின் உயிர்நாடி. மூன்றரை மீட்டர் பைப் 300 டிகிரி சூடேறினால் 409-இல் 12 மி.மீ, 304-இல் 18 மி.மீ நீளும். பட்டறையில் வண்டி குளிர்ந்து நிற்கும்போது எல்லாம் அழகாகப் பொருந்தும். ஒரு மணி நேரம் ஓடியபின் பைப் பின்னால் தள்ளும், அதைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர் சாயும், வளைவு போய் எதையாவது தொடும். ஆகவே பின்பக்க ஹேங்கர்களைக் குளிர்ந்த நிலையில் 6 மி.மீ முன்னால் சாய்த்தே மாட்ட வேண்டும். சூடேறியதும் மறுபக்கம் அதே 6 மி.மீ-தான் சாயும்.

அடுத்தது எஞ்சினின் ஆட்டம். இந்த வண்டியில் முதல் வாரம் ரிவர்ஸில் கிளட்ச் விடும்போது மட்டும் ஒரு தட்டல். முன்னோக்கிப் போகும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாயும், ரிவர்ஸில் எதிர்ப்பக்கம். ஓவல் பைப்பின் ஓரம் கிராஸ் மெம்பரிலிருந்து 8 மி.மீ-தான் விலகியிருந்தது. 20 ஆக்கியதும் நின்றது. எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்ததும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால்தான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சந்தேகமான இடத்தில் ஒரு உருண்டை ஒட்டி, ரிவர்ஸிலும் முதல் கியரிலும் இரண்டு முறை கிளட்ச் விட்டுப் பார்த்தால், நசுங்கிய தடம் மிச்ச இடைவெளியை அப்படியே காட்டிவிடும். பின் ஹவுசிங்கை (பின் ஆக்ஸிலின் கூடு) தாண்டும் வளைவுக்கும் இதே வைத்தியம். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் ஏற்றி, ஆக்ஸில் மேலே இடிக்காமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பைத் தொடும்வரை விட்டுப் பார்க்க வேண்டும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு 25 மி.மீ இடைவெளி போதும் என்று நினைக்கக் கூடாது. லோடோடு மேடேறும்போது லீஃப் பட்டை முறுக்கிக்கொண்டு ஹவுசிங் மூக்கைத் தூக்கும், ஷாஃப்டும் கூடவே ஏறும். அந்த இடத்தில் 40 வைத்தோம்.

டர்போவுக்குப் பின் உள்ள பின்னல் பெல்லோஸை (வளைந்து கொடுக்கும் இணைப்புக் குழாய்) மாற்றவில்லை. அது முன்பின் வளைவைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. பைப்பை வலுக்கட்டாயமாகத் திருப்பி ஃபிளாஞ்சில் உட்கார வைத்தால் சில மாதத்தில் பின்னல் பிரியும். எல்லாவற்றையும் லூஸாக மாட்டி, பின்னாலிருந்து முன்னால் இறுக்கி, கடைசியில் பெல்லோஸ் பக்கம் முடிப்பது நல்லது.

ஃபிளாஞ்சுகளை மூன்று மணி, ஒன்பது மணி நிலைக்குத் திருப்பி வெல்டு செய்ததில் அந்த 15 மி.மீ இலவசமாகக் கிடைத்தது. ஒன்றுக்குள் ஒன்று செருகும் இணைப்பு போடுவதாக இருந்தால் கவனம் தேவை. புகைப் போக்கின்படி முன் பைப் உள்ளே, பின் பைப் வெளியே. வெளிப் பைப்பின் விளிம்பு வண்டியின் முன்பக்கம் பார்த்து வாய் திறந்திருக்கும், கல்லில் பட்டால் கொக்கி போல மாட்டும். அப்படிப்பட்ட இணைப்புகளை நூல் கோட்டுக்கு நன்றாக மேலேயே வைத்தோம்.

ஓடியதில் கெட்டுப்போனது ஒன்றே ஒன்று: நடு ஹேங்கர். 12 மி.மீ கம்பியை 1.5 மி.மீ பைப்பில் நேரடியாக வெல்டு செய்திருந்தது. 14,000 கி.மீ.-இல் வெல்டு நன்றாக இருக்க, அதன் ஓரத்தில் பைப் அரை வட்டமாகக் கிழிந்தது. கறுப்புப் புகைக்கறை காட்டிக்கொடுத்தது. பிறகு 2 மி.மீ தகட்டைச் சேணம் போல வளைத்துப் பைப்பில் வைத்து, அதன் மேல் கம்பியை வெல்டு செய்தபின் பிரச்சினை இல்லை. ரப்பர்கள் ஒரு முறை மாறின, கம்பெனி ரப்பரே போதும்.

டீசல் டேங்க், பிரேக் குழாய், வயரிங் பக்கம் எங்கெல்லாம் பைப் நெருங்கியதோ அங்கெல்லாம் 1 மி.மீ அலுமினியத் தகடு, புஷ் வைத்து 10 மி.மீ காற்று இடைவெளி விட்டு. துணி போன்ற வெப்பச் சுற்று வேண்டாம். மழையில் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பைப்பை உள்ளுக்குள் தின்றுவிடும்.

மைலேஜில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. இழுவையிலும்தான்.

புகையை ஹவுசிங்குக்கு முன்பே வெளியே விட்டுவிட்டால் வேலை பாதியாகக் குறையும். பலர் அப்படிச் செய்கிறார்கள். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்ஸைடு கேபினுக்குள் வரும், வாசனையும் இருக்காது. மோட்டார் வாகன விதி 112-உம் புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ போகக் கூடாது, வலப்பக்கம் அல்லது பின்பக்கம்தான் என்கிறது. தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விளக்கம் சொல்லியிருப்பதும் நினைவிருக்கட்டும். கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பெட்டி), சைலென்சர், வால் பைப்பின் முனை மூன்றும் இங்கே அதே ஒரிஜினல்தான், சைலென்சரின் இடம் மட்டும்தான் மாறியது. அப்படியும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேள்வி கேட்கலாம். பி.எஸ்.6 வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப்-க்கு முன்னால் ஒரு மி.மீ-கூட நகர்த்தாதீர்கள். அது தன்னைச் சுத்தம் செய்ய 600 டிகிரியை ஒட்டிச் சூடேற வேண்டும், சென்சார் குழாய்களும் அதே இடத்துக்கென்று அளவெடுத்தவை.

உயர்த்தியதால் வந்த புதுத் தொல்லை இரண்டு. பைப் இப்போது நடுவில் லேசாகத் தொங்கிப் பின்னால் ஏறுவதால் தண்ணீர் அந்தத் தாழ்வில் தேங்கும். அடியில் 3 மி.மீ துளை ஒன்று போட்டதும் தீர்ந்தது. மற்றது வைக்கோல். பைப்புக்கும் தரைத் தகட்டுக்கும் நடுவே பரண் மாதிரி ஓர் இடம் உருவாகிவிட்டது. ரோட்டில் கதிரும் கொள்ளும் காயப்போட்டிருக்கும் மாதங்களில் சக்கரம் வாரி இறைப்பதெல்லாம் அங்கே போய் அமர்கிறது. சூடான பைப் மேல் காய்ந்த வைக்கோல் என்றால் வண்டியே எரியும். அறுவடைக் காலத்தில் அப்படி ஓர் ஊரைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, நுனியை வளைத்த ஒரு கம்பியால் பெட்டிக்கு மேலே துழாவி இழுக்க வேண்டியிருக்கிறது. கம்பி ஸ்டெப்னி இறக்கும் ராடோடு சேர்ந்து ஸீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கிறது.