பதற்றக்காரர் கையில் ஸ்மார்ட்வாட்ச்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை அணைக்கலாம்

எனக்குப் பதற்றம் முதலில் உடம்பில்தான் தெரியும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிற்றைப் பிசையும். மூச்சு வேகமெடுத்துவிட்டால் விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகே இந்த வாட்சை வாங்கினேன். ரத்தசோகையாலும் தைராய்டாலும்கூடப் படபடப்பு வரலாம், அதையெல்லாம் வாட்ச் கண்டுபிடித்துச் சொல்லாது. நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும் மயக்கம் வந்தாலும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கம்பெனி பெயர் வேண்டாம். இந்த வகை வாட்ச் பலவற்றிலும் கிட்டத்தட்ட இதே வசதிகள்தான்.

கொடுத்த காசு மூச்சுப் பயிற்சிக்கே சரியாகிவிட்டது. இழுக்கும்போது மணிக்கட்டில் மெல்ல அதிரும், விடும்போது நின்றுவிடும். 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே என்று வைத்திருக்கிறேன், நிமிடத்துக்கு 6 மூச்சு. திரையைப் பார்க்கவே தேவையில்லை. மீட்டிங்கில் மேசைக்கடியில் கையை வைத்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ‘நல்லா இழுத்து மூச்சு விடு’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பதற்றத்தில் வேகவேகமாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து மரத்துப்போவதும் தலைசுற்றலும் கூடத்தான் செய்யும். மூச்சை மெதுவாக, நீளமாக விடும்போதுதான், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாகத் துடிப்பு தணிகிறது. இந்த வாட்ச் அந்த வெளிமூச்சை அவசரப்படாமல் விடவைக்கிறது.

ஸ்ட்ரெஸ் ஸ்கோர் சுத்த வேஸ்ட். துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்துப் போடும் கணக்கு அது. ராத்திரி தூக்கம் கெட்டாலும் எண் ஏறும், உடம்பு சரியில்லாவிட்டாலும் ஏறும். பட்டை தளர்ந்திருந்தால் அடியில் எரியும் பச்சை விளக்குக்கே துடிப்பு சரியாகத் தெரியாது, அப்புறம் ஸ்கோர் எங்கே சரியாக வரும்?

அதைவிட மோசம் எச்சரிக்கை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு 100ஐத் தாண்டினால் ‘டுர்ர்’ என்று அதிர்கிறது. ஏற்கெனவே பயந்துபோயிருப்பவனை இன்னும் பயமுறுத்த வேறென்ன வேண்டும்? அணைத்துவிட்டேன். அடிக்கடி துடிப்பைச் சரிபார்ப்பதே பயத்துக்குத் தீனி என்கிறார் என் மனநல ஆலோசகர். அவர் சொன்ன பயிற்சி நேர்மாறானது: நின்ற இடத்திலேயே ஓடி வேண்டுமென்றே படபடப்பை வரவழைக்க வேண்டும், வாட்சைப் பார்க்கக் கூடாது. பிறகு இருவரும் போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். விர்ரென்று ஏறிய கோடு, நான் எதுவுமே செய்யாமல் தானாக இறங்கியிருந்தது. விளம்பரத்தில் வராத இந்த உபயோகம்தான் எனக்கு அதிகம் பிடித்தது.

சிலிக்கோன் பட்டை வியர்வைக்கு அரிக்கிறது, துணிப்பட்டை மாற்றிக்கொண்டேன். பேட்டரி பரவாயில்லை.

மூச்சுப் பயிற்சிக்காக மட்டும் என்றால் வாங்கலாம், அதிர்வு இருக்கிற விலை குறைந்த மாடலே போதும். துடிப்பை எண்ணி எண்ணிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் முதல் நாளே எச்சரிக்கைகளை அணைத்துவிடுங்கள். அப்டேட் வந்த பிறகு செட்டிங்ஸை மறுபடி ஒரு பார்வை பாருங்கள். என்னுடையதில் அணைத்து வைத்த எச்சரிக்கை தானாகவே ஆன் ஆகியிருந்தது.