வெப்சைட் செய்யக் குடுக்கப் போறீங்களா? 1,40,000 ரூபாய் விட்டவன் சொல்றேன், கேட்டுட்டுப் போங்க

வயித்தெரிச்சல்ல எழுதறேனுங்க. தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்குது, நான் கார்பன் பேப்பர் வெச்சுக் கையில பில் எழுதிட்டு உக்காந்திருக்கேன்.

சென்னிமலையில பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம் நமக்கு. பாதி சரக்கு ஈரோடு சந்தைக்கு, மீதி பாலக்காடு, திருச்சூர் பக்கம் போகும். ஆர்டர், பில், பாக்கி எல்லாத்துக்கும் சேத்தி ஒரு வெப்சைட் வேணும்னு 2024ல கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிக்குப் போனேன். பேரு வேண்டாம். மாடியில ஏசி ரூம், கண்ணாடிக் கதவு, கம்ப்யூட்டர் முன்னாடி பத்துப் பசங்க, அந்த மாதிரி இடம்.

மேனேஜர் எந்திரிச்சு நின்னு கும்பிட்டாருங்க. "சென்னிமலைங்களா? என்ற மாமனார் ஊரு காங்கயம் தானுங்க." சாம்பிளுக்குக் கொண்டுபோன பெட்ஷீட்டை வாங்கி, ஓரத்தைத் தடவிப் பாத்துட்டு, "இது இருபதாம் நம்பர் நூலுங்களா?"ன்னு கேட்டாரு. நான் அங்கயே விழுந்துட்டேன். நூலைத் தெரிஞ்சவன் ஏமாத்த மாட்டான்னு ஒரு நெனப்பு. செல்போன்லயே ஆர்டர் பக்கத்தைக் காட்டினாரு, படமும் விலையும் பளபளன்னு இருந்துச்சு. அன்னைக்கே எழுபதாயிரம், வேலை முடிஞ்சப்ப எழுபதாயிரம். 1,40,000. நான் சரக்கு வாங்கினா மடிப்பைப் பிரிச்சு, பின்பக்கம் திருப்பி, பிசிறு பாக்காம காசு குடுக்க மாட்டேன். இதுல முன்பக்கத்தை மட்டும் பாத்துட்டு வந்துட்டேன் பாருங்க.

ஒரு வருசம் ஓடுச்சு. 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாறுச்சில்லீங்களா? அதுவரைக்கும் உருப்படி 1,000 ரூபாய்க்குள்ள 5 சதவீதம், மேல போனா 12. இப்ப 2,500 வரைக்கும் 5, அதுக்கு மேல 18. நம்ம சரக்கு எதுவும் 2,500ஐத் தாண்டாது. வெப்சைட் என்னடான்னா 1,350 ரூபாய் பெட்ஷீட்டுக்கு இன்னமும் 12 போடுது. போன் பண்ணினேன். "ரெண்டே நிமிஷமுங்க." நான் ஸ்கிரீன்ஷாட் அனுப்பின பக்கத்தை மட்டும் மாத்திட்டு முடிஞ்சுதுன்னுட்டாங்க. பாலக்காட்டுக்காரர் கூப்பிட்டு, "ஆர்டர்ல 5 காணிக்குது, பில்லுல 12 வருது, எது சரி?"ன்னு கேட்டப்பதான் எனக்கே தெரியும். அவரு அந்த வாரம் வேற பக்கம் சரக்கு எடுத்துட்டாரு. அந்த நட்டத்தை நான் கணக்குலயே சேக்கல.

பெருந்துறையில இன்ஜினியரிங் படிக்கிற என்ற அக்கா பையன் வந்து ஃபைலைத் திறந்து பாத்தான். தலையில கை வெச்சுட்டான். "மாமா, சரக்கு, பாக்கி வெவரமெல்லாம் இருக்கற டேட்டாபேஸ்ல கேக்கறதும், வரி கணக்குப் போடறதும், கலர் கலரா காட்டறதும் எல்லாம் ஒரே ஃபைல்ல பெசஞ்சு வெச்சிருக்காங்க. '1000க்கு மேலயா, 12 போடு'ன்னு 27 பக்கத்துல தனித்தனியா எழுதியிருக்கு. கணக்கை ஒரு இடத்துல வெச்சு, பக்கம் அதைக் கூப்பிட்டுக் காட்டறதோட நிறுத்தியிருந்தா ஒரே ஒரு லைன் மாத்தினா போதும்." 1979லயே ஜெராக்ஸ் கம்பெனி ஆராய்ச்சிக் கூடத்துல ட்ரிக்வே ரீன்ஸ்காக்னு ஒரு நார்வேக்காரர் எம்விசின்னு (மாடல், வியூ, கன்ட்ரோலர்: கணக்கு தனி, காட்டறது தனி, ரெண்டையும் இணைக்கறது தனி) இதுக்கு முறையே சொல்லிட்டாராமா.

எனக்குப் புரிஞ்சது இப்படித்தானுங்க. ஜக்கார்டு தறியில டிசைன் அட்டையில இருக்கும். பூவை மாத்தோணும்னா அட்டையை மாத்துவோம், தறியைப் பேத்தெடுக்க மாட்டோம். இவங்க பூவைத் தறிக்கட்டையிலயே செதுக்கிக் குடுத்திருக்காங்க, 27 எடத்துல.

இன்னும் இருக்குது. லாகின் பெட்டியில பேருக்குப் பதிலா ஒத்தை மேற்கோள் குறி (') ஒன்னை அடிச்சுக் காட்டினான். டேட்டாபேஸோட எரர் அப்படியே திரையில வந்து நிக்குது. பெட்டியில அடிக்கறதை சோதிக்காம அப்படியே டேட்டாபேஸுக்கு அனுப்புதுன்னு அர்த்தமாமா. வெவரம் தெரிஞ்சவன் எவனாச்சும் பாத்திருந்தா பாக்கி லிஸ்ட் மொத்தமும் அவன் கையில. வெப்சைட்டை எழுதியிருக்கறது பிஎச்பிங்கற மொழியில. டேட்டாபேஸைக் கூப்பிட இவங்க போட்டிருக்கற பழைய ஃபங்ஷன் 2015 டிசம்பர்ல வந்த பிஎச்பி 7லயே தூக்கினதாமா. வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்கு விடற ஹோஸ்டிங்காரன் பழைய பிஎச்பியை நிறுத்தற அன்னைக்கு 27 பக்கமும் ஒன்னா படுத்துரும். இதைத்தான் 2024ல புதுசுன்னு 1,40,000க்கு வித்திருக்காங்க.

மறுபடி போன் பண்ணினா, "சார் மீட்டிங்ல இருக்காருங்க." அப்பறம், "கேச்சே கிளியர் பண்ணிப் பாருங்க." அப்பறம், "அதைச் செஞ்ச பையன் வேலையை விட்டுட்டானுங்க." வாட்ஸப்ல நீல டிக் விழுது, பதில் இல்ல. நேத்து அந்தக் காங்கயத்து மாப்பிள்ளையே பேசினாரு. "கவர்மென்ட் வரியை மாத்தினா நாங்க என்னங்க பண்றது? பக்கத்துக்கு 1,800 ஆகுமுங்க." 27 பக்கத்துக்கு 48,600! 1,40,000 குடுத்தவன்கிட்ட! நான் ஒன்னும் பேசாம வெச்சுட்டேன். பேசியிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்.

வெவரமா எழுதோணும்னுதான் ஆரம்பிச்சேன், லாரி வந்து நிக்குது. கடைசிப் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி, படிச்ச பையன் ஒருத்தனை வெச்சு ஃபைலைத் திறந்து பாருங்க. உங்க முன்னாடியே வரியை 5ல இருந்து 7ன்னு மாத்தச் சொல்லுங்க. எத்தனை ஃபைலைத் தொடறான்னு எண்ணுங்க. லாகின்ல அந்த மேற்கோள் குறியை அடிச்சுப் பாருங்க, அதுவும் உங்க சொந்த வெப்சைட்ல மட்டும், ஊரான் வெப்சைட்ல அடிச்சு வம்புல மாட்டிக்காதீங்க. ஹோஸ்டிங் பாஸ்வேர்டு உங்க கையில இருக்கட்டும். மாமனார் ஊரு காங்கயம்னு எவனாச்சும் சொன்னா காபியைக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துருங்க.

டிரைவர் ஹாரன் அடிக்கறாரு, பில் இன்னும் நாலு எழுதோணும்.