"டிடிஎஸ் மொத்தத்தையும் திருப்பி வாங்கித் தரேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

ஆறு வருடமாகத் தையல் வீடியோ போடுகிறேன். என்னைப் போல யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் சம்பாதிக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

2022-23 நிதியாண்டில்தான் முதல் முறையாகக் கையில் பெரிய பணம் வந்தது. விளம்பரம் கொடுத்த கம்பெனிகளிடமிருந்து 14 லட்சம், யூடியூபிலிருந்து ஆறரை லட்சம். கம்பெனிகள் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்து 1,40,000 ரூபாயை என் பான் எண்ணில் கட்டியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் ரீல்ஸில் ஒருவர் கண்ணில் பட்டார், கிரியேட்டர்களுக்கான வரி ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு தினமும் பாடம் எடுப்பார், பேச்சு அவ்வளவு தெளிவாக இருக்கும். கூப்பிட்டுப் பேசினேன். "அக்கா, பிடிச்சது மொத்தமும் திரும்ப வந்துடும், வர்றதுல 20 சதவீதம் மட்டும் எனக்குக் குடுங்க" என்றார். வருமான வரிப் போர்ட்டலின் பாஸ்வேர்டைக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

யூடியூப் பணத்தை வருமானக் கணக்கில் காட்டவே வேண்டாம், அது வெளிநாட்டுப் பணம், அமெரிக்காவிலேயே வரி பிடித்துவிட்டார்கள் என்றார். இது சுத்தப் பொய். யூடியூபுக்கு வரிப் படிவத்தைச் சரியாக நிரப்பிக் கொடுத்திருந்தால் அமெரிக்காவில் பிடிப்பது அங்கிருந்து பார்க்கிறவர்களால் வரும் பங்குக்கு மட்டும்தான், அதுவும் 15 சதவீதம்தான். இந்தியாவில் வசிக்கிறவர் அந்த வருமானத்தை இங்கே காட்டியே ஆக வேண்டும், அங்கே பிடித்ததை அதற்கான படிவம் கொடுத்து இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். விளம்பரத்துக்காக ஒரு கம்பெனி அனுப்பிய 62,000 ரூபாய் போனைப் பற்றிக் கேட்டபோது, "கிஃப்ட்தானே அக்கா, விடுங்க" என்று முடித்துவிட்டார். வருமான வரிச் சட்டத்தில் 2022 ஜூலை 1 முதலே பிரிவு 194ஆர் நடைமுறைக்கு வந்துவிட்டது. வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் பொருளாகக் கொடுத்தாலும் 10 சதவீதம் பிடித்தாக வேண்டும், பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் மட்டும்தான் அது நம் கணக்கில் வராது. அந்தக் கம்பெனி முறையாக 6,200 கட்டியிருந்தது. அதாவது என்னிடம் போன் இருப்பது வருமான வரித்துறைக்கு அப்போதே தெரியும்!

1,40,000 முழுதாக வந்தது. 28,000 ரூபாயைச் சந்தோஷமாக அனுப்பி வைத்தேன்.

2024 நவம்பரில் வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கியில் அவர் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கின் (ரிட்டர்ன்) நகலைப் பார்த்துவிட்டு, "அரசியல் கட்சிக்கு ரெண்டு லட்சம் நன்கொடை குடுத்திருக்கீங்களே?" என்று கேட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எந்தக் கட்சிக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. என் வருமானத்தை 7 லட்சம் என்று காட்டி, பொய் நன்கொடையை அதிலிருந்து கழித்து 5 லட்சத்துக்கு இறக்கி, வரியே இல்லாமல் செய்திருக்கிறார். போர்ட்டலுக்குள் போய்ப் பார்த்தால் மின்னஞ்சலும் மொபைல் எண்ணும் அவருடையது. துறை இரண்டு முறை விளக்கம் கேட்டு அனுப்பிய செய்திகள் அவருக்குத்தான் போயிருக்கின்றன. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நல்ல வேளையாக ஒரு ஆடிட்டர் கிடைத்தார். போர்ட்டலில் ஏஐஎஸ் என்ற வருடாந்தரத் தகவல் அறிக்கையைத் திறந்து காட்டினார், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வரிவரியாக அதில் இருக்கிறது. 2025 மார்ச் 31-க்குள் ஐடிஆர்-யு (பழைய கணக்கைத் திருத்திக் கொடுக்கும் ரிட்டர்ன்) தாக்கல் செய்ததால், வரிக்கும் வட்டிக்கும் மேல் கட்ட வேண்டிய கூடுதல் தொகை 25 சதவீதத்தோடு நின்றது, ஒரு நாள் தாண்டியிருந்தால் 50. அப்படியும் வட்டியெல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டினேன். துறையே முந்திக்கொண்டு விசாரணையை ஆரம்பித்திருந்தால் பொய்க் கணக்குக்கு வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போட முடியும். என் மனசு இன்னும் ஆறாத விஷயம் வேறு. எல்லாவற்றையும் ஒழுங்காகக் காட்டியிருந்தாலே பத்தாயிரத்துக்கு மேல் எனக்கு ரீஃபண்ட் வந்திருக்கும் என்று ஆடிட்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்புறம் ஜிஎஸ்டி. யூடியூப் பணத்தையும் போனையும் சேர்த்தால் வரவு 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது, பதிவு செய்திருக்க வேண்டும், அதை அந்த ஆள் வாயே திறக்கவில்லை. அதற்குத் தனியாகக் கட்டினேன்.

கையெழுத்து என்னுடையது, பான் என்னுடையது, அதனால் பொறுப்பும் என்னுடையது என்றுதான் சட்டம் பார்க்கிறது. இப்படி நன்கொடை போன்ற பொய்க் கழிவு காட்டித் தரும் ஆட்களைத் தேடி 2025 ஜூலை 14 அன்று 150 இடங்களில் துறை சோதனை நடத்தியது. இப்படி ஏமாந்தவர்கள் எத்தனை பேரோ என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தயவுசெய்து இன்றைக்கே வருமான வரிப் போர்ட்டலில் உங்கள் சுயவிவரப் பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் பாஸ்வேர்டை மாற்றுங்கள், தாக்கல் செய்த ரிட்டர்னை இறக்கி, கழிவுகள் இருக்கும் பக்கத்தை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ரீஃபண்டில் பங்கு கேட்கிறவரிடம் போகவே போகாதீர்கள். அவர் இன்னும் தினமும் வீடியோ போடுகிறார். இரண்டு முறை கீழே எழுதினேன், இரண்டையும் நீக்கிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்.