ஆர்டிஐ ஆன்லைன்: பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் பலிக்கும், இமிக்ரேஷனிடம் முட்டி நிற்கும்

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ), 10 ரூபாயில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றை எழுத்தில் பதில் சொல்ல வைக்கும் தளம்தான் ஆர்டிஐ ஆன்லைன். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பெங்களூரில் பாஸ்போர்ட் இழுத்தடிக்கிறது என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தினார்கள் என்றால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

படிவம் கொஞ்சம் அடம்பிடிக்கும். கேள்விக்கு 3000 எழுத்துதான் இடம். ஆங்கில எழுத்து, எண், சில குறியீடுகள் தவிர வேறு எதையும் ஏற்காது. வேர்டில் அடித்து ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறியும் ரூபாய்ச் சின்னமும் பிழை காட்டும். நோட்பேடில் அடித்து ஒட்டுங்கள். தமிழில் எழுதவும் வழியில்லை. சட்டமே ஆங்கிலம், இந்தி, அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்றுதான் சொல்கிறது. இங்கே அது கன்னடம். பணம் கட்டியதும் வரும் பதிவு எண்ணைப் பத்திரமாக வையுங்கள், மேல்முறையீட்டுக்கு வேண்டும்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் தாமதம்?" என்று கேட்டால், விளக்கம் தருவது எங்கள் வேலையில்லை என்று முடித்துவிடுவார்கள். கோரமங்கலா மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்திடம் கோப்பில் உள்ள விவரங்களையே கேளுங்கள்: என் கோப்பு எண் இன்னது, எந்தத் தேதியில் எந்தப் பதவியில் இருப்பவரிடம் போனது, போலீஸ் அறிக்கை வந்த தேதி என்ன, கோப்புக் குறிப்புகளின் நகல் தேவை. நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். விண்ணப்பத்தையே மறுத்திருந்தால் பாஸ்போர்ட் சட்டம் 5(3)-ஐக் காட்டி, எழுத்தில் பதிவான காரணத்தையும் கேளுங்கள்.

போலீஸ் வெரிஃபிகேஷனில் சிக்கியிருக்கிறது என்றால் இந்தத் தளம் உதவாது. அது மாநிலப் போலீஸ் விஷயம். மாநில அலுவலகத்துக்கான மனுவை இங்கே போட்டால் பணமும் திரும்பாது. கர்நாடகத்தின் தனித் தளத்துக்குப் போக வேண்டும். அங்கே 150 சொல், ஒரே பொருள்.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலும் மழுப்பினாலும் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, கட்டணம் இல்லை. அதிலும் ஆகவில்லை என்றால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். பதில் தர வேண்டிய தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250, அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போட முடிவது ஆணையத்தால் மட்டுமே. ஆனால் அங்கே வரிசை நீளம். பல கோப்புகள் முதல் மேல்முறையீட்டு நோட்டீஸ் போன பிறகுதான் நகர ஆரம்பிக்கும்.

பெரிய குறை, இமிக்ரேஷன். குடிவரவுப் பணியகம் உளவுத்துறையின் கீழ் வருகிறது; உளவுத்துறைக்கு ஆர்டிஐ சட்டத்தின் பிரிவு 24 விலக்கு தருகிறது. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் மட்டும் விதிவிலக்கு. மனித உரிமை என்றால் தகவல் ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும், பதிலுக்குக் கெடு 45 நாள். சாந்திநகர் எஃப்ஆர்ஆர்ஓவில் (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) விசா நீட்டிப்புக்கு நிற்கும் வெளிநாட்டவர் நிலைமை இன்னும் மோசம்: இந்தியக் குடிமக்கள் மட்டுமே மனுப் போடலாம். அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் குடியேற்றத் துறையிடம் கோப்பு கேட்கலாம். அங்கே தனிநபர் கோப்புகளைத் தராமல் தேக்கியதற்கு எதிரான கூட்டு வழக்கில் 2020-இல் நீதிமன்றம் தேக்கத்தைத் தீர்க்க உத்தரவே போட்டது.

நாட்டைவிட்டுப் போகாமல் தடுக்கச் சொல்லும் லுக் அவுட் சர்க்குலர் என்றால் பணியகம் வெறும் காவல்காரன். போடச் சொன்னது போலீஸோ அமலாக்கத்துறையோ வேறு துறையோ. அந்தத் துறையிடம் தனியாகக் கேளுங்கள். பொதுத்துறை வங்கிகள் இதைக் கேட்கும் அதிகாரத்தை 2024 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

அதிலும் ஆகவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் பிரிவு 226-இன் கீழ் ரிட் மனுதான் வழி. குடிமகனாக இல்லாதவரும் போடலாம். நேராக ஓடாதீர்கள்: முதலில் துறைக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கை அனுப்புங்கள், பதிலுக்கு நியாயமான அவகாசம் கொடுங்கள். கோரிக்கை, தபால் ரசீது, பிரிவு 24 என்று மறுத்த ஆர்டிஐ பதில் எல்லாவற்றையும் இணைப்பாகக் கொடுங்கள். கேட்டே பார்க்கவில்லை என்று அரசு வக்கீல் சொல்வதற்கு அப்போது இடமிருக்காது.