டீசல் கார் மேட்டில் இழுக்கவில்லையா? இன்ஜெக்டர் என்று சொன்னதும் பணத்தைக் கட்டாதீர்கள்

64,500 ரூபாய். நான்கு இன்ஜெக்டரும் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) போய்விட்டது, பம்ப்பும் வீக் என்று சொல்லி, கோவையில் ஒரு தனியார் டீசல் வொர்க்‌ஷாப்பில் எங்களிடம் வாங்கிய பணம். கோளாறு டீசல் ஃபில்டரிலும் அதற்கு வரும் குழாயிலும்தான் இருந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. முதலில் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

கார் 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 1.3 லிட்டர் எஞ்சின். சமதரையில் ஒழுங்காக ஓடும். மேடு ஏறினால் பிக்கப் செத்துவிடும், செக் லைட் எரியும். குன்னூர் மலைப்பாதையில் ஒரு வளைவில் அப்படியே ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் அரசு பஸ், உள்ளே அம்மாவும் அக்கா குழந்தைகளும். கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காதது போலக் கிளம்பும்.

வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி0087 என்ற எரர் கோட் வந்தது. முதலாளி திரையை எங்கள் பக்கம் திருப்பி, "நான் சொல்லல சார், வண்டியே சொல்லுது பாருங்க" என்றார். அப்பாவுக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். தன் அப்பாவும் இதே வண்டிதான் வைத்திருக்கிறார் என்றார். அப்படிப் பேசுகிற மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்?

அந்த எரர் கோட், ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் பொதுக் குழாய்) டீசல் பிரஷர் குறைகிறது என்று மட்டும்தான் சொல்லும். ஏன் குறைகிறது என்று சொல்லாது. ஃபில்டர் அடைத்திருக்கலாம், குழாயில் காற்று புகலாம், சென்சார் தப்பாகக் காட்டலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் கசியலாம். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது (ஐடிலிங்) பிரஷர் சுமார் 300 பார் போதும். மேட்டில் மிதித்தால் ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். அதனால்தான் டீசல் வரத்து கொஞ்சம் குறைந்தாலும் மேட்டில் முதலில் தெரியும். இதில் ஒரு வார்த்தைகூட அவர் எங்களிடம் சொல்லவில்லை.

டெலிவரி அன்று பேப்பரில் சுற்றிய கரி பிடித்த நான்கு இன்ஜெக்டர்களைக் காட்டினார். பழசைக் கொடுங்கள் என்றேன். "எக்ஸ்சேஞ்ச்ல போயிடும் சார், அதனாலதான் இந்த ரேட்டு" என்றார். பில் கேட்டால் துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை. 64,500-ஐயும் கடைப் பையன் நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னார்.

சில நாள் நன்றாக ஓடியது. அப்புறம் அதே மேடு, அதே நிற்றல். போன் செய்தால், "டீசல் எங்க போட்டீங்க?" என்றார். அடுத்து, "முதலாளி வெளியூர்ல இருக்காரு." நேரில் போனால், "அது வேற ஃபால்ட் சார், ஈசியூ பார்க்கணும், ஒரு 25 ஆகும்" என்றார்கள். ஈசியூ என்பது எஞ்சினின் கம்ப்யூட்டர், 25 என்றால் 25 ஆயிரம். அப்பா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். இந்த முறை நாற்காலி வரவில்லை.

வேறொரு மெக்கானிக் எஞ்சின் மேல் மூடியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்ஜெக்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளில் பழைய துரு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. எதையுமே கழற்றவில்லை! ஃபில்டரைத் திறந்தால் அடியில் தண்ணீரும் கறுப்புச் சேறும். ஃபில்டருக்கு வரும் குழாயின் முனையில் மயிரிழை விரிசல், அது வழியாகக் காற்று புகுந்திருக்கிறது. போன முறை அந்தக் கடைக்காரர்கள் குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டு, எரர் கோட் பதிவை அழித்துக் கொடுத்திருக்க வேண்டும், அதனால்தான் சில நாள் ஓடியது என்றார். ஃபில்டர், குழாய், கூலி எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய். அதே மலையில் ஏற்றிப் பார்த்துவிட்டேன், இழுக்கிறது. 2,100 எங்கே, 64,500 எங்கே!

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். டீசல் ஃபில்டரை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். டர்போ ஹோஸில் (எஞ்சினுக்கு அழுத்தக் காற்று போகும் குழாய்) கிழிசல் இருந்தாலும் இழுவை போகும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் போச்சு என்றால் ரிட்டர்ன் டெஸ்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாயில் ஒரு பாட்டில் மாட்டி எஞ்சினை ஓடவிட்டால், எது அதிகம் கசிகிறது என்று நீங்களே பார்க்கலாம். இன்ஜெக்டரை மாற்றும் முன்பும் பின்பும் அதன் தலையில் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுங்கள். பழைய பார்ட் கைக்கு வராமல், ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஜிபே ரசீதை அழிக்காதீர்கள். என்னிடம் அது இருக்கிறது, நாளைக் காலை நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன்.